முதலில் கரண்ட், பிறகு குப்பி விளக்கு: நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு வரலாறு



பதிவு கொஞ்சம் நீளம். பெற்றோரும் வீட்டிலுள்ள மூத்தவர்களும் நேரம் எடுத்து வாசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

இந்தத் தவணையில் பிள்ளைகளுக்கு "அன்றும் இன்றும்" என்று ஒரு சின்ன வேலை கொடுத்தோம். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் கதைக்க வேண்டும். அவர் வீட்டில் என்னென்ன பொருட்கள் இருந்தன, எந்த வருடத்தில் எது வந்தது என்று கேட்டு எழுதி வர வேண்டும். கரும்பலகையில் நாங்கள் நீளமாக ஒரு கோடு கீறி, மேலே உலகத்தின் திகதிகளை எழுதி வைத்தோம். 1825 இங்கிலாந்தில் பயணிகள் ரயில், 1876 தொலைபேசி, 1879 எடிசனின் மின்குமிழ், 1925 கொழும்பு வானொலி, 1979 இலங்கையில் தொலைக்காட்சி. பிள்ளைகள் கொண்டுவரும் வருடங்களைக் கோட்டுக்குக் கீழே எழுதினால் பாடம் முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

பத்து நிமிடத்தில் எல்லாம் குழம்பிப் போனது.

ஒரு பிள்ளை எழுந்து வாசித்தது: "எங்கட உம்மம்மாட வீட்டில 1985ல கரண்ட் இருந்தது, டீவி இருந்தது, தையல் மெசின் இருந்தது. 1990ல குப்பி விளக்கு." வாசித்துவிட்டு அதுவே சந்தேகப்பட்டது. "சேர், நான் மாறி எழுதிட்டன் போல. முதல்ல விளக்கு, பிறகுதானே கரண்ட்?"

அடுத்த வாங்கிலிருந்து இன்னொரு பிள்ளை: "எங்கட அம்மம்மாவும் அப்படித்தான் சொன்னவ சேர். அவ கிளிநொச்சி. 1990ல கரண்ட் போனதாம், பிறகு கனகாலம் விளக்குத்தானாம். மாமாவே 2009 மட்டும் லாம்பிலதான் படிச்சவராம்."

வகுப்பில் சிரிப்பு. "2009லயும் லாம்பா? உங்கட ஆக்கள் அவ்வளவு பட்டிக்காடா?"

அந்தச் சிரிப்புத்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. பிள்ளைகள் எழுதிய வருடங்கள் சரியானவை. நாங்கள் கீறிய கோடுதான் பிழை. தொழில்நுட்பம் படிப்படியாக முன்னோக்கி மட்டுமே போகும் என்று புத்தகம் சொல்லித்தருகிறது. நம் மண்ணில் அது முன்னே போனது, பின்னே தள்ளப்பட்டது, சில இடங்களில் வீதித்தடைக்கு அந்தப்பக்கம் போகாமலே நின்றது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால், தன் உம்மம்மாவும் அம்மம்மாவும் "பட்டிக்காடு" என்று நினைத்துக்கொண்டே அவர்கள் வளர்வார்கள்.

ரயில் வந்த வவுனியா, ரயில் நின்ற வவுனியா

ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிய கையேட்டை 1895இல் வெளியிட்டார். அன்றைய வன்னி காடும் குளமும் மலேரியாக் காய்ச்சலுமாக, சனம் குறைந்த பிரதேசம். பயணம் என்றால் மாட்டுவண்டிதான். அதிலிருந்து பத்தே வருடத்தில், 1905இல், வடக்குப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை பூர்த்தியானது. மாட்டுவண்டியில் நாட்கணக்கில் போன தூரம் மணிக்கணக்குக்குச் சுருங்கியது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது.

இதுவரை நம் கோடு நேராகத்தான் போகிறது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்ததும் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. நின்றது மட்டுமல்ல, பாதையே இல்லாமல் போனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டு, இரு தரப்பினதும் பதுங்கு குழிகளுக்குப் போயின. பயணிகளை ஏற்றிச்செல்லச் செய்த இரும்பு, ஷெல்லுக்குக் கூரையானது. பல வருடங்களாக வடக்கு ரயிலின் கடைசித் தரிப்பிடம் நம் வவுனியாதான்.

பிறகு 2011இல் ஓமந்தை வரையும், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் ரயில் திரும்பியது. இந்தக் கணக்கை வகுப்பில் செய்து பார்த்தோம். 1990இன் கடைசியில் கிளிநொச்சியில் பிறந்து அங்கேயே வளர்ந்த ஒருவர், தன் ஊர் ஸ்டேசனில் முதன்முதலாக ரயிலைக் காணும்போது அவருக்கு வயது 22. உலகத்தில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கி அப்போது 188 வருடம். அவர் பின்தங்கிய மனிதர் அல்ல. அவர் பிறப்பதற்கு முன்பே அவரது ஊருக்கு ரயில் வந்து போயிருந்தது.

ஒரே வருடம், ஒரே விளக்கு

அந்த இரண்டு பிள்ளைகளின் விடயத்துக்கு வருவோம். இரண்டு வீட்டிலும் வருடம் ஒன்று: 1990. ஏன் என்று கேட்டார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னோம்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்தும், வவுனியாவின் சில கிராமங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கொஞ்ச உடுப்பு, கொஞ்சக் காசு, அவ்வளவுதான் கொண்டுபோகலாம். டீவி, தையல் மெசின், சைக்கிள், வானொலி எல்லாம் வீட்டோடு நின்றன. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கை மறுபடி தொடங்கியபோது கையில் இருந்தது குப்பி விளக்கு.

அந்த அறிவிப்பு எப்படி வந்தது தெரியுமா? ஒலிபெருக்கியில். பள்ளிவாசலில் பாங்கு சொல்வதும், ஜனாஸா அறிவித்தல் தருவதும், கல்யாண வீட்டில் பாட்டுப் போடுவதுமாக நம் அன்றாடத்தில் கலந்திருந்த அதே கருவி. அன்று அது தெருத்தெருவாக வந்து வெளியேறச் சொன்னது. கருவி ஒன்றுதான், பிடித்திருந்த கை வேறு.

அதே வருடம் மறுபக்கத்தில் என்ன நடந்தது? வடக்குக்கு வந்துகொண்டிருந்த லக்சபான மின்சாரம் நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம் என்று பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். 2002 சமாதான காலத்தில்தான் பெரும்பாலான தடைகள் நீங்கின.

ஆக, புத்தளத்துக் கொட்டிலில் ஒரு உம்மா குப்பி விளக்கைக் கொளுத்திய அதே இரவுகளில், கிளிநொச்சியில் ஒரு அம்மா ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தியிருக்கிறா. ஒருவரை வெளியேற்றியவர் வேறு, மற்றவருக்குத் தடை போட்டவர் வேறு. அதை மறைக்கக் கூடாது, குழப்பவும் கூடாது. இரண்டு நோவும் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரு வீடுகளின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பில் அடுத்தடுத்த வாங்கில் இருக்கிறார்கள். இருவரின் கொப்பியிலும் ஒரே வருடத்துக்கு நேராக விளக்கு என்று எழுதியிருக்கிறது. அதைக் கண்டபோது, சிரித்த பிள்ளை உட்பட, வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது.

தடைக்குள் பிறந்த தொழில்நுட்பம்

ஒன்றுமில்லாத காலத்தில் நம் சனம் சும்மா இருந்ததா? இல்லை. இந்தப் பகுதியைப் பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கேட்டார்கள்.

ஜாம் போத்தல் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போத்தலின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதில் ஒரு சின்னத் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றில் அணையாது. திரி சின்னதென்பதால் கொஞ்ச எண்ணெயில் கனநேரம் எரியும்.

பற்றரி இல்லாதபோது வானொலி கேட்டது எப்படி? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்தார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தி நின்றுவிடும். பிபிசி தமிழோசை கேட்பதற்காக ஒரு வீட்டில் பல பேர் கூடுவார்கள், முறை வைத்துச் சுற்றுவார்கள். காந்தத்தை ஒரு கம்பிச்சுருளின் அருகே சுழற்றினால் மின் பிறக்கும் என்பது 1831இல் பரடே கண்டுபிடித்த தத்துவம். விஞ்ஞானப் பாடத்தில் படம் கீறி விளங்கப்படுத்துகிறோம். வன்னியில் அதைச் செய்தி கேட்கும் ஆவலில் கையால் சுற்றிப் படித்தார்கள்.

மோட்டார் சைக்கிளைச் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் இருமலும் அதிகம், ஆனால் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

இவற்றைச் செய்த மனிதர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். சந்தியில் சைக்கிள் கடை வைத்திருப்பார்கள், வயலில் நிற்பார்கள். நம் பிள்ளைகளுக்கு எடிசனைத் தெரியும், இவர்களைத் தெரியாது.

அரை மணித்தியாலம்

வயதானவர்களிடம் கேட்டால் மட்டும் வெளியே வரும் இன்னொரு கதை, கடிகாரத்தின் கதை.

1996 மே மாதம் நாட்டில் மின்சாரத் தட்டுப்பாடு. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும் என்று அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. ஆனால் புலிகள் தங்கள் பகுதியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே பத்து வருடமாக ஒரே வன்னி மண்ணில் இரண்டு நேரம்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததும் ஓமந்தையில் இராணுவச் சோதனைச்சாவடி, அதைத் தாண்டிப் புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. வவுனியாவில் காலை 8 மணி என்றால் புளியங்குளத்தில் 7.30. ஒரு கல்யாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ போவதென்றாலும் "எந்த நேரம், பழசா புதுசா?" என்று கேட்க வேண்டும்.

பள்ளிவாசலில் தொங்கிய தொழுகை நேர அட்டவணையும் அந்த வருடங்களில் மாறியது. சூரியன் மாறவில்லை. லுஹர், சூரியன் உச்சி சாய்ந்த பிறகுதான். மக்ரிப், சூரியன் மறைந்த பிறகுதான். கடிகாரம் மனிதன் செய்தது, அதில் அரசியல் நுழையும் என்பதை இதைவிட இலகுவாகப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடியாது.

2009க்குப் பிறகு

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஏறக்குறைய மூன்று இலட்சம் சனம் நம் வவுனியா மாவட்டத்து முகாம்களில், பெரும்பகுதி செட்டிகுளம் மெனிக் பாமில். 2012 செப்டெம்பரில்தான் மெனிக் பாம் மூடப்பட்டது. அதே காலத்தில் புத்தளத்திலிருந்து நம் உறவுகள் சாளம்பைக்குளம் போன்ற கிராமங்களுக்கும் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பத் தொடங்கினார்கள். பற்றைக்காட்டை வெட்டித்தான் தங்கள் வளவைக் கண்டுபிடித்தார்கள்.

அதன்பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. மின்கம்பம், காப்பெட் வீதி, போன் கோபுரம், வங்கி மெசின், இன்ரநெற். இலங்கையில் கைத்தொலைபேசி 1989இலேயே வந்துவிட்டது. தென்னாசியாவிலேயே நாம்தான் முதல் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் வன்னியின் உட்பகுதியில் கம்பித் தொலைபேசியையே வீட்டில் காணாத குடும்பங்கள் பல, நேரே கைத்தொலைபேசிக்குத் தாவின. முன்பு வெளிநாட்டில் இருக்கும் மகனோடு கதைக்க வவுனியா நகரில் கொமினிக்கேசன் கடை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்த தாய், இன்று வீடியோ அழைப்பில் பேரனின் பல்லை எண்ணுகிறா. அல்ஹம்துலில்லாஹ். பிறை கண்ட செய்திக்காக வானொலி முஸ்லிம் சேவைக்குக் காது கொடுத்திருந்த வீடுகளில் இன்று வட்ஸ்அப் முந்திக்கொள்கிறது. சில நேரம் பிறைக்கும் முந்திவிடுகிறது என்பது வேறு விடயம்!

வயலைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் சூடுவெந்தபுலவு என்று ஒரு முஸ்லிம் கிராமம் இருக்கிறது. வகுப்பில் "சூடு என்றால் என்ன?" என்று கேட்டோம். "வெக்கை சேர்" என்றார்கள். அறுத்த கதிரைக் குவித்து வைப்பதுதான் சூடு, அதை மாடு கட்டி மிதித்து நெல் பிரிப்பது சூடு மிதிப்பு. பிறகு உழவு இயந்திரம் மாட்டின் இடத்தைப் பிடித்தது. இப்போது சனம் "சுனாமி" என்று சொல்லும் பெரிய அறுவடை மெசின் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. நாட்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிகிறது. கமக்காரருக்கு நிம்மதி. ஆனால் அரிவு வெட்டிக் கூலி வாங்கிய கைகளுக்கு அந்த வேலை இல்லை. சூடு என்ற சொல்லும் பிள்ளைகளின் வாயிலிருந்து போய்விட்டது, ஊர்ப் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இது பழைய கதை மட்டுமல்ல

"இப்ப அப்படியெல்லாம் நடக்காது தானே சேர்?" என்று கேட்டார்கள். நடந்தது. உங்கள் கண்முன்னேயே நடந்தது என்றோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. நாங்கள் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன், அதையும் வாப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். இரவு ஒன்பது மணிக்கு "சேர், இப்பதான் போன் கிடைச்சது" என்று குரல் பதிவு வரும். சில பிள்ளைகளிடமிருந்து ஒன்றுமே வராது. தொழில்நுட்பம் வந்துவிட்டது என்பதும் எல்லாருக்கும் வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல என்பதை அப்போது நாங்களே படித்தோம்.

2022இல் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை. பெற்றோலுக்குப் போனில் கியூஆர் குறியீடு. ஒரு கையில் ஸ்மார்ட் போன், மறு கையில் மண்ணெண்ணெய்க் கேன் என்று நாம் நின்றோமே! அப்போது கொழும்பு தடுமாறியது. வன்னியில் மூத்தவர்கள் பேசாமல் எழுந்துபோய் ஒரு ஜாம் போத்தலைத் தேடி எடுத்தார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது கரும்பலகையில் அந்த நேர்கோட்டை நாங்கள் கீறுவதில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்வி கேட்கிறார்கள். இது எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தது? யாருக்கு வரவில்லை? எப்போதாவது இல்லாமல் போனதா, ஏன்?

இதற்கு விடை எங்களிடம் இல்லை, பாடப்புத்தகத்திலும் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் இரண்டே விதமாகத்தான் கதைக்கிறோம். ஒன்று, "நாங்க அந்தக் காலத்தில எவ்வளவு கஷ்டப்பட்டம், நீங்க போனை நோண்டிக்கொண்டு இருக்கிறீங்க" என்ற ஏச்சு. அல்லது, "அதையெல்லாம் ஏன் இப்ப கிளறுவான்" என்ற மௌனம். முதலாவதைக் கேட்டால் பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். இரண்டாவதால் அது சிரிக்கும், "பட்டிக்காடு" என்று சொல்லும். பிழை பிள்ளையுடையது அல்ல.

ஏசாமல், அழாமல், பொருளைக் கையில் எடுத்துக் கதையுங்கள். பழைய வானொலி, அரிக்கன் லாம்பு, சைக்கிள் டைனமோ, முகாமில் தந்த அட்டை, வெளிநாட்டிலிருந்து வாப்பாவின் குரல் வந்த கசற், எதுவாக இருந்தாலும் பழைய இரும்புக்காரருக்குப் போடமுன் ஒரு தரம் பிள்ளையிடம் காட்டுங்கள். எப்படி வேலை செய்தது என்று சொல்லுங்கள். எப்படி இல்லாமல் போனது என்றும் சொல்லுங்கள். நடந்ததைச் செய்தவரின் பெயரோடு சொல்லுங்கள், ஆனால் அடுத்த வாங்கில் இருக்கும் பிள்ளையின் மேல் அதைச் சுமத்திவிடாதீர்கள். 1990இல் அந்தப் பிள்ளை பிறக்கவேயில்லை.

அடுத்த நாள் அந்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து ஒரு ஜாம் போத்தல் விளக்குச் செய்துகொண்டு வந்தார்கள். எப்படிச் செய்வதென்று அம்மம்மாவிடம் ஒருவர் கேட்டாராம், உம்மம்மாவிடம் மற்றவர் கேட்டாராம். திரி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு மூத்தவர்களுக்கும் கருத்து வேறுபாடு! யன்னலைச் சாத்தி, எங்கள் கையால் கொளுத்திக் காட்டினோம். நாற்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் அந்தச் சின்னச் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டது: "இதிலயா சேர் ஓஎல் சோதனைக்குப் படிச்சவங்க?"

ஆம். இதில்தான் படித்தார்கள்.

நம் மூத்தவர்களின் அனுபவம் நம்மிடம் உள்ள அமானிதம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்வோம். அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆயுளையும், நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள அறிவையும், நம் மண்ணுக்கு நிலையான சமாதானத்தையும் தருவானாக. ஆமீன்.

உங்கள் வீட்டில் 1990இல் என்ன இருந்தது, என்ன இல்லாமல் போனது? இன்று இரவு பிள்ளையிடம் சொல்லுங்கள். முடிந்தால் எங்களுக்கும் எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டுகிறோம்.